வழிமொழிய ஒருவர்

நிலவறையில் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு வால்வு மாற்றியதுதான் அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை. பழைய வால்வு தேய்ந்துபோய், இறைத்த தண்ணீர் குழாய் வழியே திரும்பக் குழிக்குள் விழுந்துகொண்டிருந்தது. மோட்டார் அதே தண்ணீரை மறுபடி மறுபடி இறைத்தது. மார்ச் மாதம், பனி உருகும் காலம். பஃபலோவில் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்குக் கீழேயும் அந்த நாட்களில் இந்தச் சத்தம்தான்.

அப்பா மண்டியிட்டுத் திருகாணியைக் கழற்றினார். நான் விளக்கைப் பிடித்தேன்.

"புது வால்வுல அம்புக்குறி மேல பாத்து இருக்கா?"

"இருக்குப்பா."

"நல்லாப் பாரு. எஞ்சினியர்னு நம்பிக் குடுக்கறேன்."

"நான் எஞ்சினியர் இல்லப்பா, டெக்னீஷியன்."

"அதனாலதான் குடுக்கறேன்."

புது வால்வைப் பொருத்தி, திருகாணியை இறுக்கினார். இறுக்கிக்கொண்டே, குழாயைப் பார்த்தபடி சொன்னார்: "வர்ற கூட்டத்துல லுவெல்லாவோட தீர்மானத்தை நான் வழிமொழியப் போறேன் மோனி."

நான் விளக்கைக் குழாயிலிருந்து அவர் முகத்துக்குத் திருப்பினேன்.

"நேராப் பிடி. தெரியல" என்றார்.

குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, மோட்டாரை ஓட்டிப் பார்த்தோம். தண்ணீர் திரும்பி வரவில்லை. மேலே போய்க் காபி குடித்தோம்.

என் அப்பா நார்பர்ட் டுடெக். எல்லாருக்கும் நார்ப். நகரப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பிரேக் வேலையில் கெட்டிக்காரர். சங்கத்தில் மருத்துவக் குழுவின் தலைவர். கம்பெனியோடு ஒப்பந்தம் பேச உட்காரும்போது, தொழிலாளிகளின் மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேசுவது அவர்தான். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இறக்கும்போதும் அதில்தான் இருந்தார்.

லுவெல்லா டேட் பேருந்து ஓட்டுநர். நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவர் வருடா வருடம் ஆண்டுக் கூட்டத்தில் ஒரே தீர்மானத்தைக் கொண்டுவருவார். மாநிலத் தலைநகரான ஆல்பனியில் சட்டசபைக்கு ஒரு மசோதா வந்து வந்து போய்க்கொண்டிருந்தது: மாநிலத்தில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே அரசுக் காப்பீடு, வரியிலிருந்து செலவு, யாரும் ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வேண்டாம், கம்பெனி தரும் காப்பீட்டு அட்டைகள் இனி இல்லை. நம் சங்கம் அதை ஆதரிக்க வேண்டும் என்பது தீர்மானம். அப்பா வருடா வருடம் அதை எதிர்த்துப் பேசுவார். தீர்மானம் தோற்கும். பிறகு அத்தையைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விடுவார்.

இரண்டு பேரும் இடதுசாரிகள். அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஒரே மறியலில் நின்றவர்கள், ஒரே பெட்டியில் ஒரே ஆளுக்கு ஓட்டுப் போட்டவர்கள். சண்டை இந்த ஒன்றில் மட்டும்.

அவர்கள் சங்கத்தில் கை தூக்கி ஓட்டுப் போடுவதில்லை. நடந்துதான் ஓட்டு. ஆதரிப்பவர்கள் ஜன்னல் பக்கம் போய் நிற்க வேண்டும், எதிர்ப்பவர்கள் மண்டபத்துக்கு வெப்பம் தரும் சூடேற்றிப் பக்கம். ஆண்டுக் கூட்டம் குளிரில்தான் நடக்கும். அந்த ஜன்னல்கள் சரியாக மூடுவதில்லை.

"பாரு, உங்க ஆளுங்க கொள்கைக்கு ஓட்டுப் போடல, சூட்டுக்குப் போடறாங்க" என்பார் அத்தை, கோட்டை இழுத்து மூடிக்கொண்டு.

"நீ கோடைக்காலத்துல கொண்டு வாயேன். நாங்க தடுத்தமா?" என்பார் அப்பா அந்தப் பக்கத்திலிருந்து.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஓட்டுநர் கொண்டுவரும் தீர்மானத்தைப் பணிமனையிலிருந்து ஒருவர் வழிமொழிய வேண்டும். பணிமனைக்காரர் கொண்டுவந்தால் ஓட்டுநர் ஒருவர். ஒரு கூட்டம் மட்டும் சேர்ந்து சங்கத்தை இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று யாரோ பழைய காலத்தில் வைத்த விதி. அத்தையின் தீர்மானத்தை வழிமொழிந்துவந்த பெயின்டர் ஓய்வுபெற்று, மகளோடு ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பணிமனையில் ஆள் இல்லை. வழிமொழிய ஆளில்லாத தீர்மானம் விவாதத்துக்கே வராது. அதனால்தான் அப்பா நிலவறையில் சொன்ன அந்த ஒரு வாக்கியம் என் விளக்கைத் திருப்பியது.

அவர் எதிர்த்ததற்குக் காரணம் இருந்தது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு குளிர்காலம் முழுக்க வேலைநிறுத்தம். பணிமனை வாசலில் எண்ணெய்ப் பீப்பாயில் நெருப்பு மூட்டிக்கொண்டு நின்றார்கள். அம்மா பானை பானையாக முட்டைக்கோஸ் சூப் அனுப்பினார். அதில் கிடைத்ததுதான் நீல அட்டை. அந்தக் காப்பீட்டு அட்டையை நீட்டினால் போதும், டாக்டர், ஆஸ்பத்திரி, மருந்து எதற்கும் கையிலிருந்து ஒன்றும் கொடுக்க வேண்டாம். அதன் பிறகு ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கம்பெனி அதைக் குறைக்கப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் சம்பள உயர்வை விட்டுக்கொடுத்து அட்டையைக் காப்பாற்றினார்கள்.

பிறகு அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. நல்ல ஆஸ்பத்திரி, நல்ல மருந்து, இரண்டாம் முறையும் அதே மருந்து. நான் படித்து முடித்து வேலைக்குப் போகும்வரை அம்மா இருந்தார். எங்கள் தெருவில் அதே நோய் வந்த, இந்த அட்டை இல்லாத இன்னொரு பெண் அவ்வளவு நாள் இருக்கவில்லை. அப்பா இதை யாரிடமும் பேசியதில்லை. ஆனால் நீல அட்டையை யாராவது குறை சொன்னால் அவர் கழுத்து சிவக்கும்.

ஆண்டுக் கூட்டத்துக்குக் குடும்பத்தினரும் போகலாம், ஓட்டுத்தான் கிடையாது. அங்கே இந்த வாதத்தைப் பல தடவை கேட்டிருக்கிறேன்.

"நம்ம அட்டை நல்ல அட்டைதான். யாரு இல்லைன்னா?" என்பார் அத்தை. "ஆனா அது வேலையோட சேத்துத் தச்சிருக்கு. பெரிய நோய் வந்தா வேலைக்குப் போக முடியாது. வேலை போனா அட்டை போகும். நோய் வந்தாப் போயிடற அட்டை எதுக்குய்யா?"

"அத நான் சம்பளத்தக் குடுத்து வாங்கினேன் லுவெல்லா. நீயும்தான் குடுத்தே. நாளைக்கு அரசாங்கமே எல்லாருக்கும் தருதுன்னு வையி. நாம விட்ட சம்பளத்த யார் திருப்பித் தருவா? கம்பெனிக்காரன் மிச்சத்தப் பையில போட்டுக்கிட்டு நமக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவான்."

"திருப்பித் தரணும்னு மசோதாவுலயே எழுதலாம்."

"எழுதலாம். அடுத்த தேர்தல்ல வர்றவன் அடிக்கலாம். ஒப்பந்தத்தை அவனால அடிக்க முடியாது. அதுக்கு நீயும் நானும் வாசல்ல நின்னோம்."

"வாசல்ல நிக்கறதுக்கு வாசலே இல்லாதவங்க இருக்காங்க நார்ப். ஹோட்டல்ல பாத்திரம் கழுவறவ எந்த வாசல்ல நிப்பா?"

"அவளுக்கும் சங்கம் வைக்கச் சொல்லு. நான் வந்து நிக்கறேன்."

சங்கத் தலைவர் கார்ல் வென்ட்லிங் நடுவில் புகுவார். "சண்டை வேணாம். காப்பீடே இல்லாதவங்களுக்கு மட்டும் முதல்ல ஒரு அரசுத் திட்டம். இஷ்டமிருந்தாச் சேரட்டும். இருக்கறவங்க இருக்கறத வச்சுக்கட்டும். மெல்ல மெல்லப் போவோம்."

"கார்ல், நீ மெல்ல மெல்லன்னு ஆரம்பிச்சப்ப எனக்கு ஒரு நரை இல்ல" என்பார் அத்தை.

எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு நடந்து போய்ச் சூடேற்றிப் பக்கம் நிற்பார்கள்.

ஒரு ஒப்பந்தத்தில் கம்பெனி இறங்கி வரவே இல்லை. ஒன்று, எல்லாரும் செலவில் பங்கு கட்ட வேண்டும். இல்லையென்றால், இனி வேலைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் வேறு அட்டை. அப்பா இரண்டாவதை ஒப்புக்கொண்டு வந்தார். கூட்டத்தில் கைதட்டல். இருக்கிறவர்கள் யாரும் எதையும் இழக்கவில்லை. இனி வரப்போகிறவர்களுக்கு அந்த மண்டபத்தில் ஓட்டு இல்லை, ஏனென்றால் அவர்கள் இன்னும் வரவில்லை.

அத்தை மட்டும் எழுந்து கேட்டார். "வரப்போறது யாரு நார்ப்? அவங்க பேரு என்ன?"

"வரட்டும், அப்ப அவங்களுக்குப் போராடுவோம்" என்றார் அப்பா.

வந்தார்கள். அவர்களுக்கு வெள்ளை அட்டை. சங்கத்தில் எல்லாமே மூப்புப்படி என்பதால், முதலில் வந்தவர்கள் பகல் வேலையை எடுத்துக்கொண்டார்கள், புதிதாக வந்தவர்களுக்கு மாலை வேலை. சங்கக் கூட்டம் நடப்பது மாலையில். வெள்ளை அட்டைக்காரர் ஒருவர்கூட ஆண்டுக் கூட்டத்தில் நின்று நான் பார்த்ததில்லை. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. அப்படி அமைந்துவிட்டது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் நிடியா கோலோன். நாற்பது வயதைத் தாண்டியவர், ஏற்கெனவே லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். அப்பாவின் வேலை முடிகிற நேரமும் நிடியாவின் வேலை தொடங்குகிற நேரமும் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று விழும். அந்த நேரத்தில் இருவரும் ஒரே பேருந்துக்கடியில் இருப்பார்கள். வீட்டுக்கு வந்து அவர் அடித்த ஜோக்குகளை அப்பா சொல்லுவார். அம்மா போன பிறகு வேறொருவர் பேச்சை அவர் வீட்டில் எடுத்துச் சொன்னது நிடியாவின் பேச்சை மட்டும்தான்.

நிடியாவுக்குச் சர்க்கரை நோய். கண்ணுக்குள் ரத்தக் கசிவு. ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"போட்டுக்க வேண்டியதுதானே? அட்டை இருக்குல்ல?" என்று அப்பா கேட்டாராம்.

"இருக்கு. ஒவ்வொரு வருஷமும் முதல் சில ஆயிரம் டாலரை நான் கட்டணும். அதுக்கப்புறம்தான் இது அட்டை. அதுவரைக்கும் வெறும் பிளாஸ்டிக்."

"வருஷக் கடைசியில?"

"கடைசியில கட்டி முடிச்சிருந்தா அது அட்டை. ஜனவரில மறுபடி பிளாஸ்டிக்." பிறகு சிரித்துக்கொண்டே, "ஏன் கிழவா, உன் நீல அட்டையை ஒரு நாள் கடன் குடேன். கண்ணக் காட்டிட்டுத் திருப்பிக் குடுத்துடறேன். மீசை ஒட்டிக்கிட்டுப் போறேன், உன் மூஞ்சிக்கும் என் மூஞ்சிக்கும் பெரிய வித்தியாசமில்ல."

அப்பா இதை என்னிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த குளிர்காலத்தில் நிடியாவுக்கு வலது கண் போனது. பெரிய வண்டி ஓட்டும் உரிமத்துக்கான கண் சோதனையில் தேறவில்லை. பழுது பார்த்த பேருந்தை ஓட்டிப் பார்க்க முடியாத மெக்கானிக்கைப் பணிமனை வைத்துக்கொள்ளாது. வேலை போனது, வெள்ளை அட்டையும் போனது. அத்தை வருடா வருடம் சொன்னது வரிசை மாறாமல் அப்படியே நடந்தது.

அப்பா அந்த ஜோக்கை அதற்குப் பிறகு சொல்லவில்லை.

பெயின்டர் ஃபுளோரிடாவுக்குப் போவதற்கு முன், அவர் கடைசியாக வழிமொழிந்த ஆண்டுக் கூட்டம் அந்தக் குளிர்காலத்தில்தான் நடந்தது. அப்பா எதிர்த்துப் பேசினார், ஆனால் சுருக்கமாக. எல்லாரும் எழுந்து நடக்கும்போது அவரைக் காணோம். எண்ணி முடித்த பிறகு கழிப்பறையிலிருந்து வந்தார்.

"எங்கய்யா போனே?" என்றார் அத்தை, காரில்.

"ஒண்ணுக்கு வந்துச்சு."

"சரியா ஓட்டு நேரத்துலயா?"

"வயசாச்சு லுவெல்லா. அதுக்கு நேரங்காலம் தெரியல."

பின்சீட்டில் நான் இருந்தேன். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வழக்கமாகக் கேலியை அதோடு விடுகிறவர் இல்லை. அன்றைக்கு விட்டுவிட்டார்.

வால்வு மாற்றிய அந்த வாரமே, ஒரு காலையில், வேலைக்குப் போக பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. ஒரு பூட்ஸ் காலில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

நான் ஆஸ்பத்திரி எந்திரங்களைச் சரிபார்க்கும் டெக்னீஷியன். அது நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி இல்லை. ஆனால் மருந்து செலுத்தும் பம்ப் நான் தினமும் திறந்து மூடும் அதே ரகம். அறைக்குள் போனதும் என் கண் அவர் முகத்துக்குப் போகவில்லை. பம்பின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சோதனைத் தேதிக்குப் போனது. தேதி சரியாக இருந்தது. மூச்சுக் கருவியும் சரியாக இருந்தது. எச்சரிக்கை மணிகள் அடிக்க வேண்டிய அளவில் அடித்தன. பழுது எந்திரத்தில் இருந்திருந்தால் எனக்குச் செய்ய ஏதாவது இருந்திருக்கும்.

கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தார். தாழ்ந்த குரலில் பேசினார், நல்லவர்.

"நீங்க எதப் பத்தியும் கவலைப்பட வேண்டாம்மா. அப்பாவோட காப்பீடு எல்லாத்தையும் பாத்துக்கும். இந்த மாதிரி அட்டையை நாங்க இப்பல்லாம் பாக்கறதே இல்ல." கொஞ்சம் நின்று, "எங்களுக்கே இல்ல" என்றார்.

சரி என்றேன். நன்றி என்றேன். அட்டையை என் கையில் திருப்பித் தந்தார். இனி மீள மாட்டார் என்று டாக்டர்கள் சொன்ன பிறகு, கருவிகளை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். நீல அட்டை, தான் செய்வதாகச் சொன்ன எல்லாவற்றையும் செய்தது.

இறுதிப் பூசைக்குப் பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பியரோகிக் கொழுக்கட்டை, ஹாம் இறைச்சி, ரை ரொட்டி. பணிமனைக்காரர்கள் சுத்தமான சட்டையில் சுவரோரமாக நின்றார்கள். சட்டையில் அவர்களை அடையாளம் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. அத்தை ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"சாப்பிடு."

"பசிக்கல அத்தை."

"பசிக்குதான்னு கேட்டனா?"

சாப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்கிட்டச் சொன்னானா, வழிமொழியறேன்னு?"

"சொன்னார். ஏன்னு சொல்லல."

"என்கிட்டச் சொன்னான். 'நான் கையெழுத்துப் போட்டு ஒருத்தி கண்ணை வித்துட்டேன், அதை மண்டபத்துல எழுந்து சொல்லப் போறேன்'னான். நான் சொன்னேன், 'யோவ், நீ ஒண்டியா விக்கல, கைதட்டினவங்க அத்தனை பேரும்தான்.' 'கைதட்டினவங்களுக்கு அவ பேரு தெரியாது. நான் அவகூட வேலை பாத்தேன்'னான்."

"அப்ப சம்பளம், கம்பெனி, அதெல்லாம்?"

"அதையும் விடலயே உங்கப்பன். 'திருப்பித் தர்ற சம்பளத்தைச் சட்டத்துல எழுதற வரைக்கும் உன் கழுத்தப் பிடிப்பேன், ஆனா ஜன்னல் பக்கம் நின்னுக்கிட்டுப் பிடிப்பேன்'னான்." அத்தை சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். "ஒண்ணு மட்டும் பாக்கின்னான். நிடியாவோட விஷயத்தை அவகிட்டக் கேக்காமச் சொல்ல மாட்டேன்னான். அவளுக்கு இருக்கறது ரோஷம் ஒண்ணுதான், அதையும் மேடையில போட்டு உடைக்கக் கூடாதுன்னான். 'சனிக்கிழமை போய்க் கேக்கறேன். பேர் சொல்லலாமான்னு கேட்டுட்டு வந்துடறேன்'னான்."

"போனாரா?"

"எங்க போனான்? வேலை போனதுலேருந்து அவ முகத்துல முழிக்கவே இல்ல. வர்ற சனிக்கிழமை, வர்ற சனிக்கிழமைன்னு தள்ளிக்கிட்டே இருந்தான். இந்தத் தடவை போயிருப்பான்னுதான் நெனக்கறேன்."

அவர் இறந்தது வெள்ளிக்கிழமை.

ஆண்டுக் கூட்டம் அந்த வருடம் பனிப்புயலால் தள்ளிப்போய், ஏப்ரலில் நடந்தது. நான் போகவில்லை. அத்தை தொலைபேசியில் சொன்னார்.

முதலில் அப்பாவுக்காக எல்லாரும் எழுந்து நின்றார்களாம். கார்ல் அழுதாராம். பிறகு அத்தை தீர்மானத்தைப் படித்தார். "பணிமனையிலிருந்து வழிமொழிபவர்?" என்று கார்ல் கேட்டார். பணிமனைக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் யாரும் அசையவில்லை. நீல அட்டைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். வெள்ளை அட்டைக்காரர்கள் அந்த நேரத்தில் பேருந்துகளுக்கடியில் இருந்தார்கள். கார்ல் இன்னொரு தடவை கேட்டார், வழக்கத்துக்கு மாறாக. பிறகு சுத்தியலைத் தட்டினார்.

"அப்பா வழிமொழியறதா இருந்தார்னு நீங்க சொல்லலியா?" என்று கேட்டேன்.

"சொன்னா யாரு நம்புவா? ஆயுசு முழுக்க எதிர்த்தவன், செத்த பிறகு என் பக்கம் வந்துட்டான்னு நானே எந்திரிச்சுச் சொல்றதா? நான் சொன்னா ஓட்டுப் பொறுக்கற மாதிரி இருக்கும். அவன் வாயால வந்திருக்கணும்."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷமும் படிப்பேன். வேற என்ன வேலை எனக்கு?"

பின்னால் அவர் வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"நிடியாகிட்ட நீ போறியா மோனி?" என்றார்.

"போய் என்ன சொல்றது அத்தை?"

பேரைச் சொல்லவேண்டிய கூட்டம் முடிந்துவிட்டது. பேர் சொல்லலாமா என்று கேட்க இருந்தவர் இல்லை. மற்றது மன்னிப்பு. அது அப்பாவுடையது. அதை என் வாயில் வைத்து எடுத்துக்கொண்டு போக எனக்கு வழி தெரியவில்லை. எந்த வார்த்தையில் தொடங்கியிருப்பார் என்றுகூட எனக்குத் தெரியாது. அநேகமாகக் கதவருகே நின்று, வானிலையைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்.

நிடியா நயாகரா தெருவில், அக்கா வீட்டு மாடியில் இருக்கிறார். அப்பா இறந்ததை யாராவது அவரிடம் சொன்னார்களா என்று தெரியவில்லை. சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. அப்பா வருவதாக இருந்தது அவருக்குத் தெரியாது. அவரிடம் இன்னும் யாரும் எதுவும் கேட்கவில்லை.